ஆடாத தூர்பீன்

கப்பலில் ஏறும்போது என் பையில் மூன்று பைனாகுலர்களும் ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன. ஊறுகாய் பாதி வழியிலேயே தீர்ந்துபோயிற்று. கப்பல் சமையல்காரர் போட்ட பருப்பையும் சோற்றையும் அது இல்லாமல் விழுங்க முடியவில்லை. விழுங்கியதும் வயிற்றில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

பைனாகுலர்களுக்குக் காரணம் என் அத்தான், பகவதி அக்காவின் கணவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர், அந்தமானில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்குப் போய்விட்டார். அங்கே துறைமுக வாயைப் பார்த்த ஒரு குன்றின்மேல் சிக்னல் காவலர் வேலை. கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கப்பல் தென்பட்டால் கொடி ஏற்ற வேண்டும். வேலையோடு ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. லீவில் மதராசுக்கு வந்த ஒருவர், நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையைத் தேடிப் பிடித்து வந்து அத்தானின் சேதியைச் சொன்னார். "ஆடாத தூர்பீன் ஒண்ணு வேணுமாம். கை எவ்வளவு ஆடினாலும் அது ஆடக் கூடாதாம்."

தூர்பீன் என்றால் பைனாகுலர்தான். தீவில் பாதி சாமான்களுக்கு இந்திப் பெயர்தான் எல்லார் வாயிலும். ஆடாத தூர்பீன் என்று ஒன்று உண்டா என்று முதலாளியிடம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. வெளிநாட்டு ராணுவத்தில் இருக்கிறதாம். உள்ளே ஒரு சக்கரம் விர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்குமாம், கை ஆடினாலும் காட்சி ஆடாதாம். அதற்குப் பாட்டரி வேண்டும், தூக்கிப் பிடிக்க ஒரு பயில்வானும் வேண்டும், நம் கடைப் பக்கம் அதெல்லாம் இந்த ஜென்மத்தில் வராது என்றார். இருக்கிற சாதாரண ஜாதியில் மூன்றை எடுத்துக் கொடுத்து, பிடித்ததைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டு பவரில் ஒன்று, எட்டில் ஒன்று, ஏழில் ஒன்று.

பவர் கூடக்கூட நல்லது என்றுதான் கடைக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கப்பலைப் பன்னிரண்டு மடங்கு பக்கத்தில் கொண்டுவரும் கண்ணாடி, கை நடுக்கத்தையும் பன்னிரண்டு மடங்காக்கிவிடும் என்று சொன்னால், மலிவானதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று சந்தேகப்படுவார்கள். கப்பலின் மேல்தளத்தில் பெரியதை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீவில் நிலம் பெற்று உழுது பிழைக்கும் ஒரு வங்காளிப் பெரியவர் ஆசையாகக் கேட்டு வாங்கிப் பார்த்தார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "வெளியே இருக்கிற கடல் போதாதென்று இதற்குள்ளும் ஒரு கடலை வைத்திருக்கிறார்கள்."

கரை தெரிந்த காலையில் மழை. மதராசில் மழை என்றால் வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. இங்கே அது குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டது போலிருந்தது. மழைக்குள் ஒரு குன்று, குன்றில் ஒரு கம்பம், கம்பத்தில் நனைந்து சுருண்ட ஒரு கொடி. அத்தான் ஏற்றியது என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

கப்பல் அணைந்த ஜெட்டியில் அக்காவும் இல்லை, அத்தானும் இல்லை. துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது காவலர் குன்றைவிட்டு இறங்கக் கூடாது என்றார்கள். அக்காவுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபம். ஏறிய பஸ் அபர்தீன் பஜாரிலேயே மூச்சை நிறுத்திக்கொண்டது. டிரைவர் தெலுங்கில் திட்டினார், கண்டக்டர் இந்தியில் சமாதானம் சொன்னார், வண்டி இரண்டுக்கும் மசியவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் காதர் பாய் கீழக்கரைக்காரர். என் பேச்சைக் கேட்டதும் வெங்காய பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்க தம்பி. வெங்காயத்தைக் கண்ணுல பாத்து ரொம்ப நாளாச்சு. உங்க கூட அதே ஜஹாஸ்ல, கப்பல்ல வந்ததுதான் இது."

குன்றுக்குப் போகிறேன், கொடிக்காரர் என் அத்தான் என்றேன். பாய் கொஞ்ச நேரம் கரண்டியைத் துடைத்தார்.

"கொடிக்காரரு நல்ல மனுசன். ஆனா போன தடவை எங்களையெல்லாம் ஓட வச்சுட்டாரு. மெட்ராஸ் கப்பலுக்கு ஒரு கொடி, கல்கத்தா கப்பலுக்கு ஒரு கொடி. மெட்ராஸ் கொடி ஏறிருச்சுன்னு பஜாரே ஜெட்டிக்கு ஓடுச்சு. கல்யாணப் பொண்ணு வருதுன்னு ஒரு வீட்டுல மேளத்தோட போய் நின்னாங்க. வந்தது பாத்தா கார் நிக்கோபாருக்குப் போற கப்பல். தண்ணி பிடிக்க வந்து நின்னது. துறைமுக ஆபீசருக்கு கெட்ட கோவம். இன்னொரு தடவை தப்பா ஏறுச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு மெயின்லேண்டுக்குப் போயிரணும்னு சொல்லிட்டாராம்."

"கொடி எப்போ இறங்கும் பாய்?" என்று கேட்டேன்.

"கப்பல் திரும்பிப் போறப்ப துறைமுக வாயைத் தாண்டினதும் இறக்கிருவாரு. அது நிக்கிற வரைக்கும் மெயின்லேண்டு பக்கத்துல இருக்கிற மாதிரி. இறங்கிருச்சுன்னா அவ்வளவுதான், அடுத்த கப்பல் வரைக்கும் நாம யாரோ."

காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். நனைந்துகொண்டே குன்றுக்கு நடந்தேன்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்க்கத் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினாள், கோழி திரும்பிப் பார்ப்பதுபோல. சூரை மீன் குழம்பும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வைத்திருந்தாள். மதராஸ் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போயிருந்த எனக்குத் தூத்துக்குடிக் குழம்பின் புளிப்பு கண்ணில் நீர் வரவைத்தது. அத்தானுக்கு மட்டும் சோற்றைப் பிசைந்து ஆழமான கிண்ணத்தில் போட்டு ஸ்பூன் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஸ்பூன் கிண்ணத்தின் விளிம்பில் டகடகவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"ரெண்டு வருசமாச்சு மாப்ள. மொதல்ல பெருவிரல்தான். இப்பம் கையி பூராவும்" என்றார் அத்தான். "கொண்டாந்திருக்கியா?"

சக்கரம் சுற்றும் தூர்பீன் கிடைக்காது என்பதை எப்படிச் சொல்வது என்று கப்பலில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. நேராகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் பெரியதைத்தான் முதலில் எடுத்தார். கொஞ்சம் பார்த்தார். "கப்பலு குதிக்கி" என்று கீழே வைத்தார். ஏழு பவரைக் கொடுத்து, முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொள்ளுங்கள், கட்டைவிரலைக் கன்னத்தில் ஊன்றுங்கள், மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள் என்று கடையில் சொல்கிற எல்லா மந்திரத்தையும் சொன்னேன். ஜன்னலில் ஒரு கட்டையை அறைந்து அதன்மேல் கண்ணாடியைக் கயிற்றால் கட்டியும் கொடுத்தேன். கட்டை ஆடவில்லை, கண்ணாடி ஆடவில்லை. அவர் தலை ஆடியது. தலையும் ஆடுகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதற்குக் கட்டை அறைய முடியாது.

"விடு மாப்ள" என்று அவரே கயிற்றை அவிழ்க்கப் போனார். அவிழ்க்கவும் அவரால் முடியவில்லை, நான்தான் அவிழ்த்தேன்.

மறுநாள் சர்க்கார் கொடுத்த பழைய தூர்பீனைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். எங்கள் தொழிலில் கை தானாகவே சில இடங்களுக்குப் போகும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள கீலை மடக்கி விரித்துத்தான் ஒவ்வொருவரும் தம் கண்களின் இடைவெளிக்குப் பொருத்திக்கொள்வார்கள். அத்தானுக்குப் பரந்த முகம். கீலோ நன்றாக ஒடுங்கி மடங்கியிருந்தது. வலது கண்ணின் பார்வைக் குறைக்கு ஏற்பத் திருகிக்கொள்ளும் வளையம் கடைசி வரை திருகப்பட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது.

"அத்தான், இதுல யாரு பாக்குதா?"

அவர் கடலைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அக்காதான் பதில் சொன்னாள். "நான்தான். அவிய கொடிய ஏத்துவாவ. கப்பல நான் பாத்துச் சொல்லுவேன். வேற என்ன செய்யச் சொல்லுத?"

ஜெட்டிக்கு ஏன் வரவில்லை என்று கோபப்பட்டது ஞாபகம் வந்தது. என் கப்பலைக் கடலில் கண்டுபிடித்தவளே அவள்தான்.

அதற்கு அடுத்த நாள் அக்காவோடு காய்கறி வாங்க சிப்பிகாட் தோட்டங்களுக்குப் போனேன். வழியில் பஸ் சேற்றில் இறங்கிக்கொண்டது. இந்தத் தீவில் பஸ்ஸில் போவதென்றால் பாதி தூரம் தள்ளிக்கொண்டு போவது என்று அர்த்தம். எல்லாரும் இறங்கினோம். அக்கா, வலது பக்கம் வைத்திருந்த ஒரு வாத்துக் கூடைமேல் காலை வைத்துவிட்டாள். வாத்துகளும் அவற்றின் சொந்தக்காரியும் சேர்ந்து கத்தினார்கள். "இவ்வளவு பெரிய கூடை தெரியவில்லையா, கண்ணை வீட்டில் வைத்துவிட்டா வந்தாய்" என்று அந்த வங்காளிப் பெண் இந்தியில் கேட்டாள். அக்கா சிரித்துச் சமாளித்தாள். முந்தின நாள் அவள் எனக்கு டீ ஊற்றியபோது பாதி டீ டம்ளருக்கு வலப்பக்கம் தரையில் விழுந்ததை நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து வரப்பில் உட்காரவைத்து, கடைக்கு வருகிறவர்களுக்குச் செய்வதைப்போல அவள் இடது கண்ணைப் பொத்தினேன்.

"எத்தன விரல்?"

"வெரலா? புகையால்லா இருக்கு."

கருவிழியின் நடுவில் சாம்பல் பூத்திருந்தது. கண்புரை. இடது கண் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அதுவும் எத்தனை காலத்துக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

"அன்னைக்குக் கப்பல மாத்திச் சொன்னது நான்தாம்ல" என்றாள். "புகைக்குழாயில என்ன நெறம் அடிச்சிருக்குன்னு தெரியல. தெரிஞ்ச மாரி சொல்லிட்டேன். அவிய என்மேல பழி வராம, கையி ஆடிட்டுன்னு ஆபீசர்கிட்ட சொல்லிட்டாவ. நான் கண்ணாடி மங்கிப்போச்சுன்னு அவியகிட்ட சொல்லிட்டேன். அதுலதான் உனக்குச் சொல்லிவிட்டாவ. ஆடாத தூர்பீன் வந்தா நானே பாத்துக்கிடுவேன், நீ உக்காருன்னு சொன்னாவ." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு சங்கதிய அவியகிட்ட சொல்லாத."

வரும் வழியெல்லாம் எனக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மறைத்துக் காப்பாற்றிக் காப்பாற்றி, கடைசியில் அவள் கண் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கண்ணுக்கு மெயின்லேண்டில்தான் ஆபரேஷன் என்று அவளுக்குத் தெரியும். ஆபரேஷன் என்றால் மதராசில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். அவள் போய்விட்டால் கப்பலைப் பார்க்க ஆள் இல்லை. இன்னொரு கொடி தப்பாக ஏறினால் வேலை இல்லை, வீடும் இல்லை. போகாவிட்டால் கண் இல்லை.

சாயங்காலம் சாப்பாட்டின்போது அத்தானிடம் சொல்லிவிட்டேன். அக்கா என்னை முறைத்தாள். அத்தானின் ஸ்பூன் சத்தம் நின்றது.

"எந்தக் கண்ணு?"

"வலது."

"தெனமும் எம் பக்கத்துலதான் நிக்கா" என்றார். "ஏளா, கடலு கடலுன்னு பாத்துக்கிட்டு உன்னப் பாக்காமப் போயிட்டனே." அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை.

கப்பலில் வந்துவிடு என்று நான் கெஞ்சினேன், அதட்டினேன். அக்கா அசையவில்லை. "கொடிய யாரு ஏத்துவா? நீ ஏத்துதியா?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தாள். ஏற்றுகிறேன் என்று சொல்ல என் மதராஸ் கடை விடவில்லை.

கப்பல் சரக்கெல்லாம் இறக்கித் திரும்பப் போகிற நேரம் நெருங்கியது. ஒரு காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அக்கா கடைசியில் ஏழு பவர் தூர்பீனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். எட்டு அவளுக்கு மங்கலாக இருந்ததாம். ஏழில் காட்சி அகலமாகவும் வெளிச்சமாகவும் நின்றது. அவள் முகத்துக்குத் தக்கபடி கீலை ஒடுக்கி, வளையத்தைத் திருகி ஜன்னலோரம் வைத்திருந்தேன். அத்தான் அதை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தார்.

"தெரியுதுளா" என்றார். "பச்சப் படகு ஒண்ணு போவுது. மூணு பேரு இருக்காவ. ஒருத்தன் வலைய மடிக்கான். கொஞ்சங்கூட ஆடல."

அக்கா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "நெசமாவா?"

"இந்தா, அந்தாலிக்கிக் கட்டுமரம் ஒண்ணு. நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

அக்கா என்னைப் பார்த்தாள், தலையைச் சாய்த்து. நான் தூர்பீனைப் பார்த்தேன். அதன் கீலை அவர் விரிக்கவே இல்லை. அந்த ஒடுங்கின கண்ணாடி அவருடைய பரந்த முகத்தில் ஒரு கண்ணுக்கும் சரியாகப் பொருந்தாமல் மூக்கின்மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. கறுப்பைத் தவிர அதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

"ஏழு பவரு ஆடாதுக்கா" என்றேன். கடையில் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன், பொய் என்று தெரிந்தே சொன்னது அன்றுதான்.

அவள் பெட்டி கட்டினாள். அத்தானுக்கு மரவள்ளிக்கிழங்கு எந்தச் சாக்கில் இருக்கிறது, கருவாடு எந்தப் பானையில் இருக்கிறது, மெட்ராஸ் கொடி எந்த மூலையில், கல்கத்தா கொடி எந்த மூலையில் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். குன்றைவிட்டு அவர் இறங்க முடியாது. விடைபெறும்போது நான்தான் அவருக்குத் தூர்பீனின் கீலை விரித்துக் கொடுத்தேன். அவர் கை என் தோளில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

கப்பல் கிளம்பியபோது மழை திரும்ப வந்துவிட்டது. கீழே பஜார்க்காரர்கள் குடைகளோடு நின்றார்கள். ஒரு கிழவி யாரையோ பார்த்துத் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைக் கூவினாள். போய்ச் சேர்ந்ததும் சேதி அனுப்பு என்று அர்த்தமாம், பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அக்கா யாருக்கும் கையசைக்கவில்லை. குன்று இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு, பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

துறைமுக வாயைத் தாண்டினோம். கப்பல் திரும்பியது, அலை பெரிதாயிற்று. கொடி இப்போது இறங்க வேண்டும்.

"பாருல" என்றாள். "எனக்குக் கம்பமே தெரியல."

அவள் கண் துணையில்லாமல் அத்தான் இறக்க வேண்டிய முதல் கொடி அது. அவள் தூர்பீன் அத்தானிடம் இருந்தது. என்னிடம் இருந்ததில் பெரியதுதான் எட்டும் என்று எடுத்தேன். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தால் கப்பல் இயந்திரத்தின் அதிர்வு கண்ணாடிக்குள் ஏறி, குன்று பல குன்றுகளாகக் குதித்தது. தரையில் உட்கார்ந்து முழங்கால்களில் முழங்கைகளை ஊன்றினேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். ஒரு நொடி எல்லாம் நின்றது. மழை, குன்று, கம்பம். கம்பத்தின் உச்சியில் மெட்ராஸ் கொடி அப்படியே இருந்தது.

நாங்கள் வாயைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தோம். மறுபடி பார்த்தேன். இன்னும் இருந்தது. அவருக்கு எங்கள் கப்பல் தெரியவில்லையா, இல்லை இறக்க மனசு வரவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜெட்டியிலிருந்து யாராவது இந்நேரம் அந்தக் கொடியை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அந்த ஆபீசரும் பார்த்திருப்பார்.

"எறங்கிட்டால?" என்று அக்கா கேட்டாள்.

"எறங்கிட்டுக்கா."

"நேரத்துக்கு எறக்கிட்டாவளா?"

"வாயத் தாண்டுனதும் எறக்கிட்டாவ."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெட்டியில் முதுகைச் சாய்த்தாள்.

"அப்பம் நீ கொண்டாந்தது நல்ல சாமான்தாம்ல" என்றாள்.